காய்ச்சல் வந்தா மட்டும் ஏன் பிரெட்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. தொட்டுச் சாப்பிட பன் இருந்தா இன்னும் நல்லது. அதைப் பத்தித்தான் பேசப் போறோம்.

போன மழைக்காலம், டெங்கு சீசன். திருவள்ளூர் மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் அரசு மருத்துவமனை. பெண்கள் வார்டில் காலை ரவுண்ட்ஸ். பொன்னேரிப் பக்கத்து அம்மா ஒருவர், அறுபது வயசு இருக்கும். காய்ச்சல் விட்டு ரெண்டு நாள் ஆச்சு, பிளேட்லெட் ஏறிக்கிட்டு இருக்கு. நாளைக்கு வீட்டுக்கு அனுப்பலாம்னு கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மா கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார்.

"எனக்கு இன்னா ஆச்சு டாக்டரு? மறைக்காம சொல்லு. ரொட்டி குடுத்துட்டாங்களே."

தட்டில் நாலு துண்டு பிரெட், டம்ளரில் பால். அவ்வளவுதான். அன்றைக்கு அவருக்கு வந்த டயட் அது. பிளேட்லெட் எண்ணிக்கையைச் சொல்லி நான் ஆறுதல் கூறுகிறேன், அவரோ பிரெட்டையே பார்க்கிறார். அவர் கணக்கில் பிரெட் வந்துவிட்டது என்றால் உடம்பு ரொம்ப முடியவில்லை என்று அர்த்தம்.

பக்கத்துக் கட்டிலில் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த ஒரு அம்மம்மா. காலில் செல்லுலைட்டிஸ், ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அவருக்கும் அதே பிரெட். அவருடைய புகார் வேற மாதிரி.

"தம்பி, பாண் நல்ல பாண்தான். சம்பல் இல்லாமல் வெறும் பாணை எப்பிடித் தின்னுறது?"

அங்கிருந்து ஆண்கள் வார்டுக்குப் போனேன். பீகார் பையன், வயசு 23. சிப்காட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் ஃபர்னஸ் பக்கம் வேலை. நைட் ஷிப்டில் மயங்கி விழுந்து கொண்டு வந்திருந்தார்கள். ஹீமோகுளோபின் 8. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், "ரோட்டி ஆயேகா" என்று தைரியம் சொல்லியிருந்தேன். வந்த தட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "யே தோ டபல் ரோட்டி ஹை, சார்."

ஒரே பேக்கரியில் வாங்கின ஒரே பிரெட். ஒருத்தருக்கு மரண பயம், ஒருத்தருக்கு அன்றாடச் சாப்பாடு, ஒருத்தருக்கு ஏமாற்றம். நமக்கு மட்டும் இது எப்படி நோயாளிச் சாப்பாடு ஆச்சு? அன்னிக்கு ராத்திரி டியூட்டியில் இதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தேடிப் படித்ததைச் சொல்கிறேன், வாங்க.

முதலில் அந்த அம்மம்மா சொன்ன "பாண்". இது போர்ச்சுகீசியர் விட்டுப் போன சொல். அவர்கள் மொழியில் ரொட்டிக்கு 'பாவ்ங்' மாதிரி மூக்கால் ஒலிக்கும் ஒரு சொல். பம்பாயில் அது பாவ் ஆச்சு (பாவ்பாஜி, வடாபாவ் எல்லாம் அதுதான்), ஜப்பானில் பான் ஆச்சு, இலங்கையில் பாண் ஆச்சு. 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய கூட்டம், 1505-ல் இலங்கைக்குப் போனது, 1510-ல் கோவாவைப் பிடித்தது. போன இடத்தில் எல்லாம் அவர்களுக்கு ரெண்டு தலைவலி. ஒண்ணு கோதுமை மாவு. இன்னொண்ணு மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். ஈஸ்டுக்கு நம்ம கரையிலேயே பதில் இருந்தது, தென்னங்கள்! கள்ளில் இருக்கும் ஈஸ்ட் மாவைப் பொங்க வைத்துவிடும். நம்ம ஊரில் ஆப்பத்துக்குக் கள் ஊற்றினதும் இதே வேலைதான்.

இதில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. யாழ்ப்பாணத்துக்காரர்கள் பேக்கரி அடுப்பைப் 'போறணை' என்பார்கள். அதுவும் போர்ச்சுகீசியச் சொல்தான், ஃபோர்னோ. லத்தீனில் ஃபூர்னுஸ் என்றால் சூளை. இத்தாலிக்காரர்களும் தெருமுனை ரொட்டிக் கடையை இன்னிக்கும் ஃபோர்னோ என்றுதான் சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்திலேயே பிறந்த இன்னொரு சொல்தான் ஃபர்னஸ். நம்ம பீகார் பையன் மயங்கி விழுந்த இடம். அம்மம்மாவுடைய போறணையும் அவனுடைய ஃபர்னஸும் சொந்தக்காரங்க.

இத்தாலி பேச்சு வந்ததால ஃபோகாச்சாவையும் சொல்லிடறேன். சென்னையில் ஒரு காபி கடையில் நண்பன் வாங்கிக் கொடுத்துத்தான் முதல்முறை சாப்பிட்டேன். விலையைக் கேட்டு எனக்கே படபடப்பு வந்தது. ஆனால் அது பிறந்த ஜெனோவா துறைமுக நகரத்தில் அது பணக்காரத் தின்பண்டம் இல்லை. விடியற்காலையில் தெருக்கடையில் சுடச்சுட வாங்கி, நடந்துகொண்டே சாப்பிடுவது. தட்டையான ரொட்டி. சுடுவதற்கு முன்னாடி விரல்களால் அழுத்தி அழுத்திக் குழி போடுவார்கள், அந்தக் குழிகளில் ஆலிவ் எண்ணெயும் உப்புத் தண்ணியும் தேங்கி நிற்கும். சிலர் அதைக் காலைக் காபியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். உப்பு ரொட்டியைப் பால் காபியில் தொடுவதா என்று முகம் சுளிக்காதீங்க, நாம முறுக்கை டீயில் போடறவங்கதானே. லத்தீனில் ஃபோகுஸ் என்றால் அடுப்பு, அடுப்புச் சாம்பலில் சுட்ட ரொட்டி அதனால் ஃபோகாச்சா. நாங்கள் கேஸ் ஷீட்டில் 'ஃபோகஸ் ஆஃப் இன்ஃபெக்‌ஷன்' என்று எழுதுகிறோமே, அந்த ஃபோகஸும் அதே அடுப்புதான்.

அம்மம்மாவிடம் ஃபோனில் ஃபோகாச்சா படம் காட்டினேன். கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு, "இது எங்கட றோஸ் பாண் எல்லோ" என்றார். றோஸ் பாண் என்பது இலங்கையில் விற்கும் தட்டையான, மேல் ஓடு மொறுமொறுப்பான பாண். எண்ணெயும் குழியும் கிடையாது, மற்றபடி அவர் சொன்னது ஒன்றும் தப்பில்லை. அங்கே பாணை எடை போட்டு "ஒரு இறாத்தல் பாண்" என்றுதான் கேட்பார்கள், கிட்டத்தட்ட 450 கிராம். பாணும் சம்பலும், பாணும் பருப்பும் ஏழை பணக்காரன் எல்லாருக்கும் காலைச் சாப்பாடு. 1994 தேர்தலில் சந்திரிகா தரப்பு பாண் விலையை மூணரை ரூபாய்க்குக் கொண்டுவருவோம் என்று வாக்குறுதி கொடுத்து ஜெயித்தது. நம்ம ஊரில் 1967-ல் படி அரிசி செய்த வேலையை அங்கே பாண் செய்தது.

இப்ப முக்கியமான கேள்வி. அதே போர்ச்சுகீசியர் நம்ம கரைக்கும் வந்தார்கள். ஜன்னல், அலமாரி, சாவி எல்லாம் அவர்கள் கொடுத்த சொற்கள். நாம ஜன்னலை வைத்துக்கொண்டோம், பாணை ஏன் விட்டோம்?

நம்ம மாவட்டத்திலேயே பழவேற்காடு இருக்கு. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் அங்கே குடியிருந்தார்கள். பிறகு டச்சுக்காரர்கள் வந்து 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரைக்கும் சோழமண்டலக் கரை முழுவதற்கும் அதுதான் அவர்களுடைய தலைமையிடம். மண்டை ஓடும் எலும்புக்கூடும் செதுக்கின அவர்களுடைய கல்லறைகளை இன்னிக்கும் போய்ப் பார்க்கலாம் (ஞாயிற்றுக்கிழமை போனீங்கன்னா இறால் வறுவலும் கிடைக்கும்). அவ்வளவு காலம் இருந்தவர்கள் ரொட்டி சுடாமலா இருந்திருப்பார்கள்? ஆனால் அது கோட்டைக்கு வெளியே பரவவில்லை.

என் கணிப்பு என்னன்னா, இலங்கைக் கரையோரத்தை போர்ச்சுகீசியர் நூற்றைம்பது வருஷமும் டச்சுக்காரர் நூற்று முப்பத்தெட்டு வருஷமும் ஆண்டார்கள். இங்கே அவர்கள் கோட்டைக்குள் இருந்த வியாபாரிகள். ரெண்டாவது காரணத்தை வெளிப்படையாகவே சொல்லிடலாம், சாதி. கள் ஊற்றிப் பிசைந்த மாவு, யார் கையோ பட்டது, சிலசமயம் முட்டை வேற. தொட்டாலே தீட்டு என்று இருந்த ஊரில் அது எப்படி வீட்டுக்குள் வரும்? பெங்களூரில் 1898-ல் தொடங்கிய ஐயங்கார் பேக்கரி, முட்டை இல்லாமல் சுட்டு, பெயரிலேயே யார் கை என்று சொல்லித்தான் அந்தப் பயத்தைத் தாண்டியது. 'ஐயங்கார் பேக்கரி' போர்டு இன்னிக்கும் ஊருக்கு ஊர் தொங்குவதற்குப் பின்னால் இருக்கும் கதை கேக் ருசி மட்டும் இல்லீங்க.

வெள்ளைக்காரர்கள் காலத்தில் சென்னையில் ரொட்டிக் கடைகள் வந்தன. வேப்பேரிப் பக்கம் ஸ்மித் ஃபீல்டு பேக்கரி 1885-ல் தொடங்கினது. ஆனால் அதெல்லாம் ஆங்கிலேயருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும்தான். சாதாரணத் தமிழ்க் குடும்பம் பிரெட்டை முதலில் சந்தித்த இடம் எது?

எங்க இடம்தான். ஆஸ்பத்திரி.

சென்னை பெரியாஸ்பத்திரி 1664-ல் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கப்பட்டது, 1772-ல்தான் இப்ப இருக்கும் இடத்துக்கு வந்தது. அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகளிலும் சிறைகளிலும் ஐரோப்பியருக்கு ஒரு உணவுப் பட்டியல், இந்தியருக்கு ஒரு பட்டியல். ஐரோப்பியன் பட்டியலில் பிரெட், இந்தியன் பட்டியலில் அரிசி. 1835-ல் சென்னையில் மருத்துவக் கல்லூரி வந்தது. அங்கே படித்தவர்களுக்குப் பாடப்புத்தகம் எல்லாம் லண்டன், எடின்பரோவில் எழுதினது. அதில் நோயாளிக்கு லேசான உணவு என்றால் பால், பிரெட், பார்லித் தண்ணி. இட்லி என்று எந்த ஸ்காட்லாந்துக்காரர் எழுதப் போகிறார்?

இதோடு டைபாய்டு சேர்ந்தது. டைபாய்டில் குடலில் புண் வரும், மூணாவது வாரத்தில் அது ஓட்டை போட்டுவிட்டால் அன்றைக்கு உயிர் பிழைப்பது கஷ்டம். கெட்டியாக எதுவும் கொடுத்தால் குடல் கிழிந்துவிடும் என்று பயந்து டாக்டர்கள் வாரக்கணக்கில் பாலிலேயே வைத்திருந்தார்கள். நோய் பாதி கொன்றது, பட்டினி மீதி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் வாரன் கோல்மன் என்ற டாக்டர் துணிந்து டைபாய்டு நோயாளிகளுக்கு நிறையச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். குடல் கிழியவில்லை, ஆட்கள் எலும்பும் தோலுமாக ஆகாமல் எழுந்து நடந்தார்கள். 1948-ல் கோலாலம்பூரில் குளோராம்பெனிகால் டைபாய்டைக் குணமாக்கும் என்று நிரூபித்தார்கள். காய்ச்சல் நாலே நாளில் இறங்க ஆரம்பித்தது. மருந்து மாறினது, ஆனால் சாப்பாட்டுப் பயம் மட்டும் மாறவில்லை. பால் குடித்துக் குடித்து நாக்கு செத்துப்போன நோயாளிக்கு, "இனி கெட்டியா சாப்பிடலாம்" என்று டாக்டர் முதலில் அனுமதித்த பொருள் பிரெட். அந்த ஞாபகம்தான் மூணு தலைமுறை தாண்டி அந்தப் பொன்னேரி அம்மா கண்ணில் தண்ணியாக நின்றது.

ஒரு டாக்டராக இங்கே சொல்ல வேண்டியதைச் சொல்லிடறேன். பிரெட் இட்லியை விட லேசானது கிடையாது. ரெண்டு துண்டு பிரெட்டில் நாலு அஞ்சு கிராம் புரதம், ஒரு முட்டையில் ஆறு கிராம். "டாக்டர், சுகர் இருக்கு, அதனால சோத்த விட்டுட்டு பிரெட் சாப்பிடறேன்" என்று வாரத்துக்குப் பத்துப் பேராவது ஓபியில் பெருமையாகச் சொல்கிறார்கள். 1981-ல் டொரண்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் குழு எந்த உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று பட்டியல் போட ஆரம்பித்தார்கள். பின்னாடி வந்த பல பட்டியல்களில் மற்ற உணவுகளை ஒப்பிடும் அளவுகோலே வெள்ளை பிரெட்தான், அதற்கு 100 மார்க். எதைத் தவிர்க்க வேண்டும் என்று நினைக்கிறாரோ அதையே தேடிப் போய்ச் சாப்பிடுகிறார் மனுஷன்.

இப்ப குன்னூருக்குப் போவோம். ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918-ல் அங்கே பாஸ்டர் நிறுவனத்தில் ஒரே ஒரு அறையில் பெரிபெரி நோய் ஆராய்ச்சியைத் தொடங்கினார். (அந்த ஒத்த அறைதான் வளர்ந்து இன்னிக்கு ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்குது.) அவர் எலிகளுக்கு இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் போட்டு வளர்த்துப் பார்த்தார். முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், பருப்பு, காய்கறி என்று சீக்கியர் சாப்பாடு தின்ற எலிகள் முதலிடம். தீட்டின அரிசியை நம்பின நம்ம மெட்ராஸ் சாப்பாட்டு எலிகள் கடைசி வரிசை. இது நிறையப் பேருக்குத் தெரியும். தெரியாத பாதி இதுதான்: இங்கிலாந்து ஏழைகளின் சாப்பாட்டையும் அவர் போட்டுப் பார்த்தார். வெள்ளை பிரெட், மார்ஜரின், சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீ, ஜாம், டின் இறைச்சி, கொஞ்சம் வேகவைத்த காய்கறி. அந்த எலிகள் வளரவில்லை. நோய் வந்தது. பார்த்துக்கொள்ள வந்த ஆட்களைக் கடித்தன, கடைசியில் ஒன்றை ஒன்று கொன்று தின்ன ஆரம்பித்தன.

கோதுமை ஒன்றுதான். சப்பாத்தி எலி முதலிடம், பிரெட்-டீ எலி கூண்டுக்குள் கொலை. தவிடு போச்சு, கூட வைத்துச் சாப்பிட எதுவும் இல்லை, வயிறு மட்டும் நிறைஞ்சது.

ஃபோகாச்சா தின்ற அதே வட இத்தாலியிலும் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. கிராமத்து ஏழைகளுக்குக் கோதுமை எட்டாது, மூணு வேளையும் சோளக்கூழ். தோல் வெடித்து, பேதி ஆகி, புத்தி பேதலித்துச் செத்தார்கள். பெல்லாக்ரா. நயாசின் என்ற வைட்டமின் குறை என்று 1937-ல்தான் உறுதியாச்சு. ஆனால் காரணம் தெரியாமலே 1902-ல் இத்தாலி ஒரு சட்டம் போட்டு, நோயாளிகளுக்குப் பொதுச் சாப்பாட்டுக் கூடங்கள் வைத்துச் சாப்பாடு போட்டது. கூழைக் குறைத்து ரொட்டியும் இறைச்சியும் கொடுத்தார்கள். அங்கே ரொட்டி நிஜமாகவே மருந்தாக வேலை செய்தது, பக்கத்தில் இறைச்சி இருந்ததால்.

நம்ம ஊருக்குத் திரும்புவோம். 1956-ல் அமெரிக்காவின் பிஎல் 480 திட்டத்தில் கோதுமை வர ஆரம்பித்தது, அறுபதுகளின் பஞ்சத்தில் கப்பல் கப்பலாக வந்தது. அரிசி கிடைக்காத வருஷங்களில் ரேஷனில் கோதுமை நின்றதை உங்க தாத்தா பாட்டியைக் கேட்டால் சொல்வார்கள். 1965-ல் மத்திய அரசே மாடர்ன் பேக்கரீஸ் என்று நிறுவனம் தொடங்கியது, ஆஸ்திரேலியா இயந்திரம் கொடுத்து உதவியது. வைட்டமின் சேர்த்த பிரெட், மெழுகுத்தாள் சுற்றி, சென்னையிலும் தயாரானது. 2000-ல் அதன் 74 சதவீதப் பங்கை ஹிந்துஸ்தான் லீவருக்கு விற்றுவிட்டார்கள். அந்த முப்பத்தஞ்சு வருஷத்தில் பிரெட் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனா எப்படிச் சேர்ந்தது? ஆஸ்பத்திரிக்கு ஆள் பார்க்கப் போகும்போது ஹார்லிக்ஸ், சாத்துக்குடியோடு ஒரு பிரெட் பாக்கெட். வீட்டில் யாராவது படுத்தால்தான் பிரெட் வாங்குவார்கள், குழந்தைகள் காய்ச்சல்காரனைப் பொறாமையோடு பார்க்கும். நானும் பார்த்திருக்கேன்.

பிரெட்டோடு சின்ன வயசிலிருந்தே எனக்கு ஒட்டு உண்டு. கோபம் எல்லாம் சிப்காட் வாசல் டீக்கடையில் வரும் பன் மேலதான்.

அந்தப் பையனிடம் கேட்டேன், என்னப்பா சாப்பிடறே? பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உள்ளே போகும் முன் ஒரு பன், டீ. நடுராத்திரி ஒரு பன், டீ. விடிஞ்சு வந்து சோறு, உருளைக்கிழங்கு, தூக்கம். சாயங்காலம் எழுந்ததும் மறுபடி பன், டீ. எட்டு மாசமாக இப்படித்தான். டீயில் சர்க்கரை தூக்கல். டீ சாப்பாட்டோடு சேரும்போது இரும்புச்சத்தை உடம்பு எடுக்காது என்பதையும் சேர்த்துக்கோங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு கும்மிடிப்பூண்டியில் இருபது இருபத்தஞ்சு ரூபாய்க்கு வேறு என்ன கிடைக்கும், நீங்களே சொல்லுங்க. மெக்காரிசன் இதைக் குன்னூரில் எலிக்குப் போட்டுப் பார்த்தார். நாம ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிக்கிற ஃபர்னஸ் முன்னால் நிற்கிற ஆளுக்குப் போடறோம்.

அவனுக்குக் குடற்புழு மாத்திரை, இரும்பு மாத்திரை கொடுத்தோம். டீயைச் சாப்பாட்டோடு குடிக்காதே, ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்றேன். பன்னோடு ரெண்டு அவிச்ச முட்டை சேர்த்துக்கோ, ஒரு கை வேர்க்கடலை சேர்த்துக்கோ என்றேன். விரல் விட்டு எண்ணினான். ஒரு நாளைக்கு எவ்வளவு கூடும், மாசத்துக்கு எவ்வளவு, ஊருக்கு அனுப்புவதில் எவ்வளவு குறையும் என்று. முட்டை ஒண்ணு போதுமா சார் என்றான். போதும், தினமும் சாப்பிடு என்றேன்.

மறுநாள் பெண்கள் வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது அம்மம்மாவின் மகள் முகாமிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுவந்திருந்தார். தேங்காய், செத்தல் மிளகாய், சின்ன வெங்காயம், தேசிக்காய்ப் புளி போட்டு இடிச்ச சம்பல். அம்மம்மா அதில் பாதியை எடுத்துப் பக்கத்துக் கட்டில் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டராக நான் அதைப் பார்க்கவில்லை.

பொன்னேரி அம்மா நாலு துண்டையும் முடித்துவிட்டு டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டே கேட்டார். "இந்த ரொட்டி எந்தக் கடைல வாங்கறீங்க டாக்டரு?"